நாலு மணி நேர பேட்டரி

ஒரு துடைப்பம் வாங்கணும்னாலும் நான் மூணு கடை ஏறி இறங்குவேன் சார். என் வீட்டுக்காரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "என்னை மட்டும் எப்படிங்க ஒரே நாள்ல முடிவு பண்ணீங்க?"ன்னு கேப்பா. உன்னைப் பார்த்தப்புறம் வேற கடைக்குப் போகத் தோணலைன்னு சொல்வேன்.

அதனாலதான் சொல்றேன். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சுல உட்கார வெச்சிருக்கீங்களே பேட்டரி கடைக்காரர், அவர் என்னை ஏமாத்தலை. அவரை அனுப்பிடுங்க. பாவம், காலையிலேருந்து ஒரு டீகூட குடிக்கலை.

மூணு வருஷமா என் மனைவிக்குக் கை கால் வராது, பேச்சும் வராது. கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு மெஷின் மாட்டியிருந்தாங்க. கண்ணு மட்டும் அசையும். ஒரு தடவை மூடித் திறந்தா ஆமா, ரெண்டு தடவைன்னா வேண்டாம். கரண்ட் போனா மெஷினுக்கு இன்வெர்ட்டர்தான் கதி. அதோட பழைய பேட்டரி வீங்கிப் போச்சு.

கடைக்காரர் ரெண்டு காட்டினார். ஒண்ணு தண்ணி ஊத்துற பேட்டரி, மெஷினை நாலு மணி நேரம் ஓட்டும். இன்னொண்ணு லித்தியம், பத்து மணி நேரம். "மூச்சு மெஷின்னு சொல்றீங்க, யோசிக்கவே வேண்டாம், பெருசை எடுங்க"ன்னு அவர்தான் அடிச்சுச் சொன்னார். ரெண்டோட படத்தையும் வாங்கிட்டு வந்து, நோட்டுல கோடு போட்டு எழுதினேன். எடை, ஆயுள், எத்தனை மணி நேரம். தெருமுனையில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, கம்பி மாத்துறதால செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுலேருந்து மூணு வரைக்கும் கரண்ட் இருக்காதுன்னு. அதையும் எழுதிக்கிட்டேன். மறுநாள் போய் நாலு மணி நேர பேட்டரியை வாங்கினேன்.

ஏன்னு கேக்குறீங்க. சளி எடுக்குற குழாயை உள்ளே விடும்போதெல்லாம் அவ கண்ணுல தண்ணி வரும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை. என்னால பார்க்க முடியலை சார், மனசு விட்டுப் போச்சு. அவளுக்கும் போதும் போதும்னு ஆயிருக்கும். எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷம். செருப்புலேருந்து மூக்குக்கண்ணாடி வரைக்கும் அவளுக்கு நான்தான் பார்த்துப் பார்த்து எடுப்பேன். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மாவை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் கண்ணசந்துட்டேன்னு முதல்ல எழுதிக் குடுத்தது பொய். பக்கத்துலயேதான் இருந்தேன். தலை வாரி விட்டேன். பன்னெண்டே முக்காலுக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சது. அவளுக்குச் சத்தம் ஆகாது, அமர்த்தினேன். ஒரு மணிக்கு மெஷின் கத்துச்சு. அதையும் அமர்த்தினேன். மெஷின் நின்னா கையால அழுத்தி மூச்சு குடுக்க ஒரு பை உண்டு, அது அலமாரியில இருந்துச்சு. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ரெண்டு கையும் அதுக்கே வேண்டியிருந்துச்சு. அவ கண்ணை மூடி மூடித் திறந்தா. நான் எண்ணலை.

இப்போ வீடு ரொம்ப அமைதியா இருக்கு. என்னால அங்கே இருக்க முடியலை சார். அழுகையா வருது.

இன்னொண்ணையும் எழுதிக்குங்க. வாங்குறதுக்கு முந்தின நாள் ரெண்டு படத்தையும் அவகிட்ட காட்டி எது எத்தனை மணி நேரம்னு சொல்லி, இது வேணுமான்னு கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு. நாலு மணி நேரத்துக்கு ரெண்டு தடவை கண்ணை மூடித் திறந்தா. பத்து மணி நேரத்துக்கு ஒரே தடவை, நிதானமா. தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவளா ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது அன்னைக்குத்தான் சார்.