எல்டர் மரத்திடம் கேட்ட அனுமதி

எங்கள் எல்டர் மரத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஐயா. குளிர் விட்டதும் பட்டுப்போன கிளைகளைக் கழிப்பேன். அரிவாள் வைக்கும் முன் மரத்துக்குள் குடியிருக்கும் தாய்த் தேவதையிடம் மூன்று முறை அனுமதி கேட்பேன். பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்த ஃபூன் தீவில் நீங்களும் அப்படிக் கேட்டுத்தான் வெட்டியிருப்பீர்கள்.

செப்டம்பரில் கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம். நன்றாகக் கொதித்தால் ஜலதோஷத்துக்கு மருந்து. கொதிக்காத பச்சைச் சாறு குடலைப் புரட்டிவிடும். ஆப்பிள் துண்டு போட்டு நான் வைக்கும் சூப்பை என் தங்கை எல்னா இரண்டு கிண்ணம் குடிப்பாள். அம்மா போனபின் இருபத்தாறு வருடமாக வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன செப்டம்பரில், படகு ஓட்டும் டோர்வால்டைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு.

"பல்லு விழற வயசுல மாப்பிள்ளையா?" என்றேன்.

"சூப் குடிக்கப் பல்லு எதுக்குக்கா? நீயும் எங்ககூட வந்துடேன்."

"மரத்த யாரு பாத்துக்குவா?"

"மரத்துக்குத்தான் கால் இல்ல. உனக்கு இருக்குல்ல?"

கல்யாணத்துக்கு முதல் நாள் அவளுக்குப் பச்சைச் சாறு கொடுத்தேன், சர்க்கரை தூக்கலாக. ஓயாத வாந்தி. கல்யாணம் தள்ளிப்போயிற்று. அவள் தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான். துணி அலசினேன், கஞ்சி ஊட்டினேன். சின்ன வயதில் போல என் மடியில் தூங்கினாள். அவை நல்ல நாட்கள், ஐயா.

இரண்டு வாரம் கழித்து வேறு தேதி வைத்தார்கள். அப்போதும் கொடுத்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் இவள் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

மூன்றாவது தேதி அக்டோபரில். மரத்தில் இரண்டு கொத்துகள்தான் மிச்சம். கோப்பையை வாங்கியவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா கொதிச்சுதாக்கா?"

"நான் வெச்சு எப்ப கொதிக்காம இருந்திருக்கு?"

முழுவதும் குடித்தாள். மறுநாள் மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

சாறு கொடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் விருப்பத்தைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவள் கையின் சூடு ஆறிக்கொண்டிருக்கும்போதே, "என்கூடவே இருந்துடுறியா, எல்னா?" என்று மூன்று முறை கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை.