தோளுயரத் தகரம்

என் பெயர் ஜனார்தன், வயது 66, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் குடியிருக்கிறேன். முகக்கவசம் ஆசாரமான மடித்துணியில் சேராது, குளித்தபின் அதைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும் என்ற முடிவை 2021 மே மாதம், நீண்ட யோசனைக்குப் பின், யாருடைய தூண்டுதலும் இன்றி எடுத்தேன்.

அதே மாதம் எனக்குக் கொரோனா உறுதியானதால் மாநகராட்சி ஊழியர்கள் என் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தகரம் என் தோளுயரம் இருந்தது. அந்த உயரத்தை நான் நிர்ணயிக்கவில்லை.

அடுத்த வீட்டு வரதுவும் நானும் தினமும் காலையில் குளித்துவிட்டுப் பிரபந்தம் சேவிப்பது வழக்கம். ஓரடி அவர் சொன்னால் அடுத்த அடி நான் சொல்ல வேண்டும். வாசலை அடைத்த மறுநாள் வரது தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏண்டா ஜனா, ஜுரம் உனக்கா, பெருமாளுக்கா?" என்று கேட்டார். அதன்பிறகு வழக்கம்போலச் சேவித்தோம். குளித்திருந்தபடியால் இருவருமே முகக்கவசம் அணியவில்லை. அவருக்குக் காது மந்தம் என்பதால் நான் தகரத்தின்மேல் குனிந்து உரக்கச் சொன்னேன். அவர் மனைவி வைஜயந்தி தம் வீட்டு வாசலிலிருந்து, "ரெண்டு பேரும் செத்த தள்ளி நின்னு சேவியுங்கோளேன்" என்றார். வரது, "தள்ளி நின்னா எனக்குக் கேக்காதுடி, நீ உள்ளே போ" என்றார். அதன்பிறகு அந்த வாரம் முழுவதும் அவ்வாறே நடந்தது.

நான் அவரைத் தொடவில்லை. தண்ணீர்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பவன் நான். குளித்தபின் பிறரைத் தொடாமலிருப்பதை அரசு உத்தரவுக்குப் பல ஆண்டுகள் முன்பே கடைப்பிடித்து வருகிறேன்.

அதன்பிறகு வரதுவுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டுத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனக்குறைவால் பரப்பியதாக என்மீது 269-ஆம் பிரிவில் வழக்கு என்று உதவி ஆய்வாளர் மலர்க்கொடி தெரிவித்து, "ஒத்துக்கிட்டீங்கன்னா அபராதத்தோட முடிஞ்சிடும் சார்" என்றார். மறுத்துவிட்டேன். கவனக்குறைவாக நான் எதையும் செய்ததில்லை. அதிகக் கவனத்துக்கென்று ஒரு பிரிவு இருந்தால் அதில் வழக்குப் போடட்டும். நான் தகரத்தைத் தாண்டவில்லை என்பதற்கு வரதுவே சாட்சி. அவர் வீடு திரும்பியதும் விசாரிக்கவும். தவறு என்னுடையது என்று அவர் வாயால் சொன்னால் எந்தத் தண்டனைக்கும் சம்மதம்.

படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

(ஒப்பம்) ஜனார்தன்

குறிப்பு: மேற்படி சாட்சி வரது மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டபடியால் அவரிடம் வாக்குமூலம் பெறப்படவில்லை.

(ஒப்பம்) மலர்க்கொடி, உதவி ஆய்வாளர்