எட்டு நடை

கருப்பட்டிக் காப்பியில் சுக்கு ஒரு நுள்ளு கூடினால் போச்சு, சார். அன்றைய நாளே காறலாகிவிடும். நீங்கள் வாங்கிக்கொடுத்த இந்தக் காப்பியில் சுக்கு தூக்கல். குறையாகச் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இதுவே பெரிது.

நிதானமாகச் சொல்கிறேன், ஞானசிங் சார், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் யேசுரத்தினம், வயது அறுபத்தெட்டு. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் சூப்பர்வைசர். மனைவி லீலாபாய் இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. மகன் பெனிஷ் மஸ்கட்டில். அவள் போன பிறகுதான் மண்வெட்டியும் அகப்பையும் பிடிக்கப் படித்தேன். இப்போது என் வெண்டைக்காயை ஊன்றிக்கொண்டு கிழவர் ஒருவர் திருவனந்தபுரம் வரை நடக்கலாம். என் மீன் புளிமுளம் கொதித்தால் வாசம் கோட்டாறு வரை போய், கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து நிற்பதாகக் கேள்வி. சரி, பாதியைத் தள்ளிவிட்டு எழுதுங்கள்.

நடையும் உண்டு. முற்றத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று வரைந்திருக்கிறேன். வடக்கு வளையத்துக்குள் காச்சில் கிழங்கு மேடு. தெற்கு வளையம் வெறும் மணல். காலை ஆறு பத்துக்குத் தொடங்கி ஏழு வரை எட்டுப் போட்டு நடப்பேன். முட்டுவலி பறந்துவிட்டது. பெனிஷ் கையில் கட்டுகிற கடிகாரம் ஒன்று அனுப்பினான். எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று அது செல்போனில் எழுதிவைக்கும். அதைச் சபையில் காட்டாத ஆள் இல்லை. பாதிரியாருக்கே இரண்டு முறை காட்டினேன்.

இனி ரசலையன். லீலாவின் தம்பி, என் மச்சினன், வேலிக்கு அப்புறத்து வீடு.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்து முதற்பலனைப் பீடத்தில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். கடையில் வாங்கியதை வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் வைத்தவன் அப்புறம் மனிதனில்லை. லீலா இருபது வருடம் காச்சில்தான் வைத்தாள். அவளுடைய காச்சில் மண்ணுக்குள் யானைக்கால் கனத்துக்கு இறங்கும். அவள் இறந்த வருடம் அதை நான் கொண்டுபோய் வைத்தேன். ஏலம் கூவுகிறவன் ரசலையன். அவன் அதைத் தூக்கி, உருட்டிப் பார்த்து, மைக்கில் சொன்னான்: "மக்கமாரே, மண்ணு ஒட்டியிருக்கேன்னு ஏமாந்திராதிய. எங்க அத்தான் சந்தையில வாங்கி, முற்றத்துல போட்டு உருட்டினதாக்கும் இது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் பொத்தவில்லை.

அதோடு விட்டானா. தினமும் காலையில் வேலி இடைவெளி வழியாக வருவான், என் கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடிப்பான், கேட்பான்: "அத்தான், இந்த வருசம் காச்சில் எந்தச் சந்தையில வெளையுது?"

"வந்து தோண்டிப் பாருலே," என்பேன்.

"தோண்டினா பில்லு கிடைக்குமா அத்தான்?"

நான்கு வருடம், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு தடவை. நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள்தான். இதில் மட்டும் கூட்டவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் இரண்டு ஆடிப்போயிற்று. அடுத்த மூன்று வருடமும் என் காச்சில் நொந்து நூலாகத்தான் இறங்கியது, பீடத்தில் வைக்கவில்லை. இந்த வருடம் விட்டேனா பார் என்று சாணமும் சாம்பலும் போட்டு வளர்த்தேன்.

ஆவணி முதல் வாரம், வியாழக்கிழமை. அவன் மனைவி செசிலி தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு ஐந்துக்கு ரசலையன் வந்தான். "அத்தான், இந்த வருசம் காச்சில்..." என்றான். மீதி வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிற்று. என்னைப் பழித்துக் காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மேட்டின் ஓரமாக, வடக்கு வளையத்துக்குள் சாய்ந்தான்.

கண் திறந்திருந்தது. இடது கை மண்ணைப் பிராண்டியது. மணி ஆறு பத்து ஆகிவிட்டது, சார். நடக்கத் தொடங்கினேன்.

கோடு அவனைத் தொடவில்லை, அவனைச் சுற்றித்தான் போகிறது. தெற்கே போய்த் திரும்பி வடக்கே வரும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்தான். நானும் மரியாதைக்குப் பார்த்தேன். நான்கு வருடத்தில் அவன் பேசாமல் நான் நடந்த முதல் காலை அது. ஓலேஞ்சாலிக் குருவி கூவியதுகூடக் கேட்டது.

ஏழு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர். அப்புறம் புட்டும் பயறும். அன்று புட்டு பூவாக வந்தது. மூன்று துண்டு சாப்பிட்டேன். வெங்காயம் உரித்தேன், குளித்தேன், மீன்காரியிடம் சாளை வாங்கினேன். பத்தேகாலுக்கு 108-க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி சேரும்போது பதினொன்று. நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஒரு ஊசி இருக்கிறது, எழுந்து நடந்திருப்பார் என்றார் டாக்டர். உயிர் பிழைத்தான், சார். வலப்பக்கமும் வாயும்தான் போயிற்று.

அதன் பிறகு என்னைப் போல் ஒருவன் அவனைப் பார்த்திருக்க முடியாது. தினமும் கஞ்சி, உப்பில்லாத பயறுத் துவையல், என் கையால் ஊட்டுவேன். கையைக் காலை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பேன். "அண்ணன் இல்லேன்னா நான் எங்க போவேன்" என்று செசிலி சபை முழுக்கச் சொன்னாள். ஊட்டும்போது அவனிடம் கேட்பேன்: "ரசலையா, இந்த வருசம் காச்சில் எங்க வெளையுதுலே?" அவன் கண்ணில் நீர் வரும். துடைத்துவிடுவேன்.

போன வாரம் அவன் மகள் பிரீனா குவைத்திலிருந்து வந்தாள். நர்ஸ். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வரி விடாமல் படிக்கிற பெண்.

"மாமா, அப்பாவ நீங்க எத்தன மணிக்குப் பாத்திய?"

"பத்தேகால் இருக்கும் மோளே. மீன் வாங்கப் போவும்போ."

"அப்பாக்க பனியன் நனஞ்சிருந்துதுன்னு எழுதியிருக்கு."

"பனி பெஞ்சிருக்கும்."

"ஆவணியிலயா?"

அவள் நாடி பார்ப்பதுபோல என் மணிக்கட்டை மெல்லப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல வாச்சு மாமா. அன்னைக்கும் எட்டு நடந்தியளா?"

"ஒரு நாளும் மொடக்கினதில்ல மோளே," என்றேன். பெருமையாகவே சொன்னேன். செல்போனையும் நானே திறந்து காட்டினேன். ஆறு பத்து முதல் ஏழு வரை, நாலாயிரத்துச் சொச்சம் அடி. அவள் சுண்ணாம்புக் கோட்டையும், காச்சில் மேட்டையும், என் முகத்தையும் பார்த்தாள். அவ்வளவுதான். நேரே உங்களிடம் வந்துவிட்டாள். மாமா என்று கூப்பிட்ட பிள்ளை.

நான் மறுக்கப் போவதில்லை. அந்த நாலரை மணி நேரம் எனக்குத் தெரியும், சார். பத்திரிகையில் வந்ததை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அன்று அதைப் பார்த்துத்தான் பத்தேகால் வரை வெங்காயம் உரித்தேன். ஆனால் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் விடும்போது ஹோஸ் அவன் முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சாக்கை உங்கள் ஆள் காலால் உதைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வருடத்துக் காச்சில் அது. நேற்றுத்தான் தோண்டினேன், முழுதாக ஒரு பகல். அவன் விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. வீட்டில் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வருகிற ஞாயிறு பண்டிகை. ரசலையனை நாற்காலி வண்டியில் முன்வரிசைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு போலீஸ்காரர்களோடு வேண்டுமானாலும் வருகிறேன். என் கையால் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அவன் பார்க்க வேண்டும்.

லீலா இறந்த வருடமா? அது எதற்கு இப்போது. அவள் நட்ட கொடிக்கு நான் ஒருநாளும் தண்ணீர் விடவில்லை. காய்ந்துவிட்டது. அவள் பெயர் பீடத்தில் விட்டுப்போகக் கூடாது என்று வடசேரிச் சந்தையில் ஒன்று வாங்கினேன், முற்றத்து மண்ணில் உருட்டினேன். அவன் சொன்னது சரிதான்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எட்டு, ஹோஸ், புட்டு, நாலரை மணி நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வடசேரி வரியை மட்டும் அடித்துவிடுங்கள், சார். சபையில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது.