கித்துல் நார்த் தாடி வைத்த முகம்

பச்சைக் கட்டையில்தான் புகை நன்றாக வரும். காய்ந்த விறகு சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், ரப்பர் ஷீட்டுக்கு நிறம் ஏறாது. புகைக்கூடத்தில் வேலை செய்த எவரும் இதைச் சொல்வார்கள்.

ஐயா, நீங்கள் காகிதமும் பேனையும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள். சிங்களம் எனக்குப் பேச வரும், எழுத வராது. தமிழும் நாற்பது வயதுக்கு மேல் என் மகள் கலைச்செல்வியிடம் படித்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தில் இரண்டு பேர். வேலுசாமி உள்ளே போய் ஷீட்டுகளைத் திருப்பிப் போடுவார். நான் வெளியிலிருந்து அடுப்புக்குக் கட்டை தள்ளுவேன். அவர் என் மனைவி வெள்ளையம்மாவின் அண்ணன். எனக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். உள்ளே போகிறவர் தலைத்துண்டைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். துண்டு தொங்கினால் வெளியில் இருப்பவர் கதவை அடைக்கக் கூடாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நாட்டில் சண்டை நின்று, வெள்ளைக்காரர்கள் மறுபடியும் கித்துல்கல ஆற்றுக்கு வரத் தொடங்கிய வருஷம் அது. மாவனல்லை புவாட் முதலாளி ஆற்றோரத்தில் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சின்ன மர முகமூடி ஒன்றைக் கொண்டுவந்து, அதுபோலச் செய்து தரச் சொன்னார். கொங்கோ நாட்டுக் காட்டில் லேகா என்கிற சனங்களுடையதாம். வெற்றிலை வடிவில் குழிந்த முகம், அதில் வெள்ளைக் களிமண் பூச்சு, கீறிவிட்டது போலக் கண், நாரில் தாடி.

வேலுசாமிக்குக் கத்தி வேலை வரும். கடுரு என்கிற லேசான மரத்தில் செதுக்கி, கித்துல் பனை நாரில் தாடி வைத்தார். நான் அவற்றை ஷீட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டுப் புகை ஏற்றினேன். ஒரு வாரத்தில் பாட்டன் காலத்துச் சாமான் போல ஆகிவிடும். முதலாளி வந்தால் வேலுசாமியின் கையைத்தான் புகழ்வார். புகையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு, விஷயம் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவற்றை வேண்டாம் என்றுவிட்டார்.

"வெறும் பலகைண்டு செல்றான்," என்றார் முதலாளி. "அந்த ஆக்கள் இத எந்த நாளும் மூஞ்சில போடுறதில்லயாம். கையில புடிப்பாங்களாம். வெச்சிருந்தவன் மௌத்தானா அடுத்தவன்ட கைக்குப் போகுமாம். அப்பிடிக் கை மாறி வந்தாத்தான் மதிப்பாம்."

"அப்ப நம்ம மூஞ்சிக்கும் யாராவது சாகணுமா மொதலாளி?" என்றார் வேலுசாமி.

"நீ இருமுற இருமலுக்கு ரொம்ப நாள் பாத்துட்டிருக்கத் தேவல்ல."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கடைசியாகச் செதுக்கிய ஒன்றை வேலுசாமி விற்கவில்லை. அதன் கண் மட்டும் மற்றவற்றைப் போல இல்லாமல், அப்போதுதான் தூங்கிப்போன ஆளுடையது மாதிரி இருந்தது. மடியில் செருகிக்கொண்டே வேலைக்கு வருவார். நான் கேட்டுப் பார்த்தேன்.

"அத எனக்குத் தாங்களேன் மச்சான்."

"நான் செத்தா ஒனக்குத்தான் மாப்ள. அதுவரைக்கும் வெறகத் தள்ளு."

வெள்ளையம்மா அப்போது எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவள் காதில் விழத்தான் சொன்னார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் இருக்கிற லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, கம்பெனியுடையது, வேலை மச்சான் தயவில் வந்தது. எனக்கென்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு பொருளைத்தான்.

அன்று நல்ல மழை. வேலுசாமி துண்டை மாட்டிவிட்டு உள்ளே போனார். நான் துண்டை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். பச்சைக் கட்டையாகப் பார்த்துத் தள்ளினேன். தினமும் செய்கிற வேலைதான், துண்டு ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் கதவைத் தட்டினார். "மாப்ள, துண்டு தொங்குறது கண்ணுக்குத் தெரியலயா? கல்யாணத்துக்கு முன்னாடியே ஒன் கண்ணப் பாத்திருக்கணும்," என்றார். கேலியாகத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, "அழகமுத்து," என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதற்கப்புறம் தங்கச்சியைக் கூப்பிட்டார். மழையில் பால்வெட்டு இல்லை, அவள் லயத்தில் இருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது. நான் கட்டை தள்ளினேன்.

தோட்டத்துத் துரை வந்து பார்த்தார். ஆணியில் துண்டு இல்லை, வேலுசாமி மாட்ட மறந்துவிட்டார் என்று முடிவாயிற்று. பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன். துண்டை நான் ஒளித்து வைக்கவில்லை, அழுக்குத் துணியோடுதான் போட்டிருந்தேன். வெள்ளையம்மா துவைக்க எடுத்தாள். ஓரத்தில் அண்ணனுடைய பீடி பட்ட ஓட்டை இருந்தது. அதைத் துவைக்காமல், மடித்து எடுத்துக்கொண்டு பொலிஸில் உங்களிடம் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேலுசாமியைக் கொன்றது நான்தான். எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன்.

ஆனால் உங்கள் மேசைமேல் இருக்கிற முகமூடியை அவர் மகன் சசியிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். அது முறையில்லை. நான் அதைத் திருடவில்லை. கதவைத் திறந்தபோது அது அவர் கையில் இருந்தது. சொன்ன சொல் மாறாமல் அவராகவே எனக்குக் கொடுத்தார். விரல்களைப் பிரிக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.