சாய்ந்த கம்பத்துக் காவலர் கேப்டன் எல்வுட் பார்க்ஸ் அவர்களுக்கு

கம்பம் ஏறிக் காய்த்த கைகளுக்குச் சொந்தக்காரரே! செசாபீக் விரிகுடாக் கரையின் சேற்றிலும் சூறையிலும் சோர்வறியாத செயல்வீரரே! மின்கம்பியையும் மீன்தின்னும் பறவையையும் ஒரே மனத்தோடு காத்த எங்கள் கேப்டனே! வணக்கம்.

ஓய்வு பெறும் உங்களைப் பாராட்டத்தான் ஊர்த் தீயணைப்புக் கூடத்தை இரவல் வாங்கிக் கூடியிருக்கிறோம். எதற்குப் பாராட்டுவது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

புயலில் அறுந்த கம்பிகளை இணைத்தீர்கள், பனியில் உறைந்த ஊர்களுக்கு ஒளி தந்தீர்கள். அதிலெல்லாம் குழப்பமில்லை. குழப்பம் இந்த வசந்தத்தில் வந்தது.

பெல் தீவுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பம் சாய்ந்துவிட்டது. அதன் உச்சியில் விராலடிப்பான் என்னும் மீன்பிடிக் கழுகுச் சோடி கூடு கட்டிக்கொண்டிருந்தது. அது முட்டையிட்டுவிட்டால் கோடை முடியும்வரை கம்பத்தைத் தொடச் சட்டம் விடாது. அதற்குள் பெருங்காற்று அடித்தால் தீவே இருண்டுவிடும். சுவாசக் கருவியை நம்பியிருக்கும் நம் பழைய தோழர் நோரிஸ் அங்கேதான் இருக்கிறார்.

"கலைச்சுடலாம் கேப்டன், அனுமதிதான் கையில இருக்கே!" என்றாள் டார்லா.

"போன மாசம் கலைச்சோமே, என்னாச்சு? சாயந்திரமே குச்சியோட வந்து நின்னுச்சு. உன்னைவிடப் பிடிவாதம் அதுக்கு" என்றீர்கள் நீங்கள்.

பக்கத்திலேயே பறவைக்கென்று ஒரு மரமேடை நட்டோம். சோடி இரண்டு இடத்துக்கும் குச்சி சுமந்தது. எதில் உட்காரப்போகிறது? அதைக் கண்காணிக்கப் படகுத்துறையில் நம் வாளி வண்டியை நிறுத்தி, ஆள் ஏறும் வாளிக்குள் கேமராவைக் கட்டி, உயரத் தூக்கி வைத்தீர்கள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் இறக்கக் கூடாது" என்றீர்கள்.

இரண்டே நாளில் படம் இருண்டுபோனது. "கேமரா செத்துப்போச்சு, இறக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான் கஸ்.

"கைய வெச்சே, உன்னையும் மேல கட்டி வெச்சிடுவேன்."

அப்போது வானிலைச் செய்தியில் புயல் வந்தது. கூடவே நோரிஸின் தொலைபேசியும் வந்தது. "டேய் எல்வுட், எனக்குக் கம்பம் முதல்ல வருதா, சவப்பெட்டி முதல்ல வருதா? கேட்டுச் சொல்லு, அதுக்கேத்த சட்டை போடணும்." நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் மூடுபனி விலகியபோது கம்பத்திலும் பறவை இல்லை, மேடையிலும் இல்லை. டார்லாதான் அண்ணாந்து பார்த்தாள். "கேப்டன்... உங்க வாளியில குடியேறிடுச்சு!"

குச்சிகளுக்கு அடியில் கேமரா. குச்சிகளுக்கு மேலே பெண்பறவை. கைவிடப்பட்ட கம்பத்தை வனத்துறை அதிகாரி வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், மாற்றிக்கொள்ளலாம் என்றார். பக்கத்து நிலையத்து வண்டியைக் கொண்டுவந்து புதுக்கம்பம் நட்டோம். புயல் அடித்தது. நோரிஸின் வீட்டு விளக்கு ஒருமுறை சிமிட்டியது, அணையவில்லை.

"தெரிஞ்சுதான் வாளியைத் தூக்கி வெச்சீங்களா?" என்று ஒவ்வொருவராய்க் கேட்டோம். நீங்கள் சிப்பி சூப்பை ஊதிக் குடித்தபடி விரிகுடாவைப் பார்த்தீர்கள். மேதையைப் பாராட்டுவதா, அதிர்ஷ்டக்காரரைப் பாராட்டுவதா? இந்த மடலை எழுத உட்கார்ந்து நாங்கள் சண்டையே போட்டுவிட்டோம்.

ஓய்வு பெறுபவர் தம் வண்டியைக் கடைசியாக ஓட்டி வந்து, வாசலில் நிறுத்தி, சாவியை ஒப்படைப்பது நம் நிலைய வழக்கம். இன்று நீங்கள் டார்லாவின் காரில் வந்தீர்கள். உங்கள் வண்டி படகுத்துறையில் நிற்கிறது. பறவை வாளியில் முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை அதை அசைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆகவே, ஐயா, சாவி உங்களிடமே இருக்கட்டும். தினமும் போய்ப் பாருங்கள். கடைசிக் குஞ்சு பறந்த அன்று வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள், மீதி விருந்தை அன்று வைத்துக்கொள்வோம். அந்நாளிலும் அதற்கப்பால் பல்லாண்டும் உங்கள் கண் தெளிவாய், கால் உறுதியாய், மூச்சு சீராய் விளங்குக!

இவரை அனுப்பிவைக்கிறோமா, வேலைக்கு வைத்திருக்கிறோமா என்று இன்னும் புரியாத,
கரையோர நிலைய மின்பணியாளர்கள்.