சத்தம் போட்டுக்கிட்டே இரு

வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் கொயோட் வேட்டையின் பாதி இருக்கிறது. துப்பாக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான். குவாட் என்கிற நாலு சக்கர பைக்கை மேட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்க்காற்றில் அரை மைல் நடக்க வேண்டும். நடக்கச் சோம்பல்படுகிறவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். உங்களுக்கு இதெல்லாம் தெரியும், ஷெரிஃப். உங்கள் அப்பாவும் ஆடு வைத்திருந்தவர்தானே.

பனியில் என் பூட்ஸ் தடம் ஏன் முதலில் தெற்கே போயிருக்கிறது என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

ஏப்ரல் முதல் வாரம் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. அந்தக் கொயோட் ஜோடியும் அப்போதே வந்துவிட்டது. ஓர் ஆண், ஒரு பெண். நரியைவிடக் கொஞ்சம் பெரிய மிருகம், ஓநாய் அளவுகூடக் கிடையாது. இருந்தும் மூன்றே வாரத்தில் நாற்பத்தோரு குட்டிகள் போய்விட்டன. கழுத்தில் ஒரு கடி, பிறகு வயிற்றைக் கிழித்துப் பால் நிறைந்த இரைப்பையை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே போட்டுவிடும். தாயாடு செத்த குட்டியை நக்கிக்கொண்டே நிற்கும். மடி கட்டிப்போய் வலியில் கத்தும். அந்தக் கத்தலை விடியவிடியக் கேட்டு, ஐம்பத்தெட்டு வயதில் நான் பட்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெஸ் என் மச்சினன், மார்லாவின் தம்பி. நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். வண்டி ஓட்டுவதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மாமனார் எழுதிவைத்தபடி மந்தையில் பாதி அவனுடையது. அந்தத் திங்கட்கிழமை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பன்றி இறைச்சியும் முட்டையும் தின்றுகொண்டே அவன் சொன்னான்.

“சனிக்கிழமைக்குள்ள அந்த ஜோடி விழுந்தா மந்தை இருக்கட்டும் மச்சான். ஒண்ணு தப்பிச்சாலும் எல்லாத்தையும் வித்துடலாம். நீ சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. ஆட்டைக் காப்பாத்தப் போய் எங்க அக்கா ஆளையே பறிகொடுத்துரும் போலிருக்கு.”

“அவன் சொல்றதுல என்ன தப்பு, ஆர்லன்?” என்றாள் மார்லா.

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாற்பது வருஷமாக அந்த ஆடுகளோடு எழுந்து அந்த ஆடுகளோடு படுத்தவன் நான். அவை போய்விட்டால் காலையில் எதற்காகக் கண் விழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேட்டைக்கு அழைப்புப் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறோம். பொத்தானை அழுத்தினால் முயல் அலறும், குட்டி கத்தும். அதை நம்பி இரை தேடி கொயோட் வெளியே வரும். இந்த ஜோடி வரவில்லை. எவனோ முன்பு சரியாகக் குறிபார்க்காமல் சுட்டு, பெட்டியின் குரல் பொய் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டிருக்கிறான். நான் பெட்டியைப் போட்டால் அவை புதருக்குள் இன்னும் ஆழமாகப் படுத்துக்கொண்டன. ஐந்து நாள் அப்படியே போயிற்று.

“உன் துப்பாக்கிக்கு இல்ல, உன் மூஞ்சிக்குத்தான் அதுங்க பயப்படுது” என்று சிரித்தான் வெஸ். சனிக்கிழமை காலை யோசனை சொன்னதும் அவன்தான். தினமும் வைக்கோல் ஏற்றிப் போகிற எங்கள் குவாட் சத்தத்துக்குக் கொயோட் தலையைக்கூடத் தூக்காது. வண்டி நின்றால்தான் அதற்குச் சந்தேகம் வரும்.

“ஓடற வண்டியிலேர்ந்தே நீ குதிச்சிடு மச்சான். நான் நிறுத்தாம ஓடையைச் சுத்திப் போயிடறேன். வைக்கோல் வண்டி போயிடுச்சுன்னு அதுங்க நெனச்சுக்கும்.”

நல்ல யோசனை. காலை பத்து மணிக்கு மேட்டின் மேல் குதித்தேன். துப்பாக்கியின் தாங்குகால்களை விரித்து வைத்துப் படுத்தேன். வெஸ் ஓடைச் சரிவில் குறுக்காக வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். சரிவில் குறுக்காகப் போகாதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பனிக்கு அடியில் ஏதோ வளை இருந்திருக்க வேண்டும். மேல் சக்கரம் ஏறி, கீழ்ச்சக்கரம் அமுங்கி, வண்டி இரண்டு முறை உருண்டு ஓடையின் அடியில் போய் விழுந்தது. அவன் அதற்குக் கீழே கிடந்தான். என்னிடமிருந்து முந்நூறு கெஜம் இருக்கும். நடுவில் ஒரு புதர்கூட இல்லை. அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி வெள்ளைப் பனியில் தனியாகக் கிடந்தது.

நான் எழுந்தேன். ஒரு முழங்கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அவன் அலறினான். அந்த அலறலுக்கு எதிர்ச்சரிவில் பெண் கொயோட் எழுந்து நின்றது. மூன்று வாரமாக நான் காலடித் தடத்தை மட்டுமே பார்த்த மிருகம். காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடையைப் பார்த்தது. மனிதக் குரலுக்குக் கொயோட் வராது என்பார்கள். வலியில் எல்லா உயிருக்கும் ஒரே குரல்தான் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முழங்காலைத் திரும்பத் தரையில் வைத்தேன்.

எங்கள் இருவரிடமும் வாக்கிடாக்கி இருந்தது. சத்தம் வெளியே போகாதபடி என்னுடையதில் இயர்போன் செருகியிருந்தேன்.

“மச்சான்... வண்டி மேல விழுந்துடுச்சு. மூச்சு விட முடியல. சீக்கிரம் வா.”

“வந்துட்டிருக்கேன்” என்றேன் மெதுவாக.

அதைக் கேட்டதும் அவன் அமைதியாகிவிட்டான். என்னை நம்பினான், பாவம். அவன் அமைதியானதும் பெண் கொயோட் நின்றுவிட்டது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தது. ஆண் இன்னும் வெளியே வரவேயில்லை. ஒன்று தப்பித்தாலும் மந்தை போய்விடும் என்று சொன்னவன் வெஸ்தான். மறுபடி பொத்தானை அழுத்திப் பேசினேன்.

“வெஸ், நீ எங்க இருக்கேன்னே தெரியல. சத்தம் போடு. சத்தத்த வெச்சுத்தான் நான் வரணும்.”

“மேட்டு மேல நின்னு பாரு... தொப்பி கெடக்கு.”

“தெரியல. நீ சத்தம் போட்டுக்கிட்டே இரு.”

கெட்டிக்காரன், சொன்னதைச் செய்தான். பெண் கொயோட் இருபது அடி முன்னால் வந்தது.

எங்கள் சமையலறையிலும் ஒரு வாக்கிடாக்கி உண்டு. மார்லா அதில் கேட்டாள். “ஆர்லன், என்ன ஆச்சு? தம்பி எங்க?”

“தேடிக்கிட்டிருக்கேன். நீ ஆம்புலன்ஸுக்குச் சொல்லு.”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னதே நான்தான். ஊர் ஐம்பது மைல் தள்ளி இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

எத்தனை நேரம் என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடத்துக்குள் வண்டியைத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறாராம். அப்போது எனக்கு அது தெரியாது. அவன் குரல் குறையும்போதெல்லாம் “இன்னும் கொஞ்சம், வெஸ்” என்றேன். அவனும் கூப்பிட்டான். கடைசியில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கொஞ்ச நேரம் சொல்லாக எதுவும் வரவில்லை, வெறும் குரல்தான் வந்தது. அதற்குத்தான் ஆண் கொயோட் வந்தது. பெரியது, கழுத்தில் சாம்பல் நிறம். ஓடைக்குள் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது.

இயர்போனில் வெஸ் பேசினான். “பக்கத்துல வந்துட்டியா மச்சான்? காலடிச் சத்தம் கேக்குது.”

“ஆமா, நான்தான்” என்றேன். “அசையாம இரு.”

சுட்டேன். ஆண் அங்கேயே விழுந்தது. பெண் திரும்பி ஓடியது. இரண்டாவது குண்டு அதன் இடுப்பில் பட்டது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தெற்கே புதர்களுக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு குட்டி சாகவில்லை. போய்ப் பாருங்கள், பட்டியில் எல்லாம் துள்ளிக்கொண்டு இருக்கின்றன. மார்லா எல்லாவற்றையும் விற்கப்போகிறாளாம். என்னோடு பேசுவதில்லை. தம்பிக்காக நான் செய்யாததையே நினைக்கிறாள். அவனை நான் தனியாக விட்டுவிடவில்லை. கடைசிவரை அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டீர்களே. வேட்டை முடிந்துவிட்டது, ஓடைக்கு இறங்க ஐந்து நிமிடம் போதும், ஏன் தெற்கே போனாய் என்று. பெண் கொயோட்டைத் தேடித்தான் போனேன். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து முடித்துவைக்க இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் வெஸ்ஸின் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சொன்னபடி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் நான் அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை, ஷெரிஃப். அடிபட்ட ஓர் உயிர் வலியில் துடித்துக்கொண்டு கிடக்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது.