ஆறாவது ஸ்பூனின் முத்திரை

“இப்ப பாரு, முகமே பார்க்கலாம்,” என்றார் என் கணவர்.

“பார்க்கலாம்ங்க.”

“நீ பாட்டுக்குக் கறுத்துப்போகட்டும்னு போட்டு வெச்சிருந்தே.”

“எனக்கு எங்கங்க நேரம்?”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

நாலு வருஷம் முன்னால் அவர் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் இனிமையாகக் கழிந்தன.

பழைய வெள்ளி ஸ்பூன்களின் காம்புக்குப் பின்னால் செய்தவர் அடித்த முத்திரை இருக்கும். எறும்பு அளவுதான். லென்ஸ் வைத்து அதைப் படித்து, யார் செய்தது, எந்த வருஷம் என்று ஏலக்கடைக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. முத்திரை தேய்ந்துவிட்டால் அது வெறும் ஸ்பூன். காபி கலக்கலாம்.

என் கணவர் அவற்றைப் பற்பொடி போட்டுத் தேய்ப்பார். என்மேல் பிரியம் அதிகம், அதனால் அழுத்தித் தேய்ப்பார்.

ஒரு பறவையும் இரண்டு எழுத்தும் உள்ள முத்திரை. அதை அடித்தவர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த முத்திரையோடு ஆறே ஸ்பூன்கள் கிடைத்திருந்தன. முதல் மாதம் பறவையின் தலை போயிற்று, அப்புறம் வால். ஐந்து ஸ்பூன்களும் பளபளவென்று ஆன பிறகு, ஆறாவதைத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்தேன்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எப்படிச் சொல்வது? ஆசையாகச் செய்கிற மனுஷர், மனசு நொந்துபோவார். அவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை பேசியவளில்லை நான். என் நாத்தனாரையே கேளுங்கள், அவளே ஒத்துக்கொள்வாள்.

போன ஞாயிறு அவர் அண்ணாந்து பார்த்து, “அட, ஒண்ணு விட்டுப்போச்சே,” என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். “கெட்டியாப் பிடிச்சுக்கோ,” என்றார். பிடித்துக்கொண்டேன். அவர் கை துணியைத் தொட்டதும் ஸ்டூலை என் பக்கம் இழுத்தேன். பின்னால் கல் மேடை இருந்தது எனக்குத் தெரியும். தலை அதில்தான் மோதியது; அவர் அதிகம் கஷ்டப்படவில்லை. கடைசிவரை என்னைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு ஆறுதல்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மேஜைமேல் இருந்த அந்த ஆறாவது ஸ்பூனை எடுத்துக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தீர்கள். நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது.

“தேய்க்காதீங்க சார், முத்திரை போயிடும்.”

“அப்படியா, தெரியாதும்மா,” என்று உடனே கீழே வைத்துவிட்டீர்கள்.